நண்டு சேர்த்து வைத்த படம்

அக்கா தன் கணவரோடு பிரான்சுக்குக் கிளம்பிய நாள் அது. அவள் அவ்வளவு தூரம் போவது பிடிக்காமல், அம்மா பல நாட்களாக அவளிடம் பேசவில்லை. ஆனாலும் அன்று காலையில் வைத்திக்குப்பம் போய், அவளுக்குப் பிடித்த நண்டை உயிரோடு வாங்கி வந்திருந்தார்.

முதலியார்பேட்டை வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி, படமெடுக்க செல்போனைத் தூக்கினேன். அம்மா ஒரு ஓரம், அக்கா மறு ஓரம், நடுவில் விறைப்பாக அப்பா.

"கொஞ்சம் சிரிம்மா."

"சிரிப்பெல்லாம் வர்ல. சீக்கிரம் எடு" என்றார் அம்மா.

அப்போது சமையலறையிலிருந்து தப்பித்த நண்டு ஒன்று அப்பாவின் காலருகே வந்துவிட்டது. அவர் அலறிக்கொண்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்து நாற்காலி மேல் ஏறினார். அக்கா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "பாத்துடி, மிதிச்சிடப் போற!" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே படங்களாக எடுத்துத் தள்ளினேன்.

பிறகு கார் வந்து நிற்கும்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அன்று எடுத்ததில் ஒரு படம்தான் இப்போது பிரான்சில் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. லேசாக மங்கலான படம். அப்பாவுக்குத் தலைகூட இல்லை. அன்றிலிருந்து நான் வீட்டில் யாரையும் சிரிக்கச் சொல்லிப் படமெடுப்பதில்லை.