தம்பி ஏற்றிவிட்ட வேகம்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கிவிட்டால் அவனை மன்னித்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

லூனாஸ் ஊரில், வீட்டு முன்னறையிலேயே கல்யாண, விசேஷ வீடியோக்களை எடிட் செய்கிறேன். படம் பிடிப்பதும் நான்தான். விளக்கைத் தூக்க, ஒயரை இழுக்க வார இறுதிகளில் என் தம்பி வருவான். கூலிம் தொழிற்சாலையில் டெக்னீஷியன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். அங்கே ஓர் இயந்திரத்தின் திருகை அரைச் சுற்று திருப்புவதென்றாலும் புத்தகத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கித்தான் திருப்புவான். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான். அந்த ஒழுங்கெல்லாம் தொழிற்சாலை கேட்டோடு சரி.

போன சரஸ்வதி பூஜையன்று வழக்கம்போல் காமிராவையும் கணினியையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தேன். மறுநாள் காலையில் எடுக்கும்வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அது கண்டிப்பு. சமையலறையில் சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், மாலையும் கழுத்துமாகக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் என் தம்பி, துரைமாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"டேய், பூஜையில வச்சதுடா! கைய எடு!"

"நான் எங்கேக்கா தொட்டேன்? ஒரு ஸ்குரூ கூட கழட்டல. வெறும் சாப்ட்வேர்லா. மவுஸ்ல ரெண்டு தள்ளு தள்ளுனா புரோசெசர் பறக்கும். ஓவர்கிளாக்னு பேரு. நீதானே ஸ்லோ, ஸ்லோன்னு பொலம்புன?"

புலம்பினேன், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக? புரோசெசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும், எவ்வளவு மின்சாரம் குடிக்க வேண்டும் என்று செய்தவன் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறான். இவன் அந்த இரண்டையும் இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டு, கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானாகவே இந்த வேகம் வரும்படி ஒரு கட்டத்தில் டிக் வேறு போட்டுவைத்தான். எழுதிவைத்தானா? கையெழுத்து வாங்கினானா? மண்ணாங்கட்டி. நானும் மறுநாள் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். அந்த வெட்கமும் என் ஆத்திரத்தில் சேர்த்திதான்.

அடுத்த வாரம் செமிலிங் ஊரில், படம் பிடிக்க என்னைக் கூப்பிட்ட ஓர் அக்காவின் அப்பாவுக்கு மணிவிழா. ரப்பர் மரத்தோடு காலம் கழித்தவர், அதிகம் பேசாதவர். கடைசியில் யாரும் எதிர்பார்க்காமல் மைக்கை வாங்கித் தன் மனைவியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். மண்டபமே சிரித்து அழுதது. "அப்பா மைக் பிடிச்சதே இல்லம்மா, இதுதான் மொத தடவ," என்று அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எப்போதும்போல் காமிரா கார்டுகளிலிருந்த எல்லாக் கோப்புகளையும் நேரே கணினியில் ஒரே ஜிப் பொதியாகச் சுருக்கினேன். பொதியிலிருந்து முதல் கோப்பைத் திறந்து பார்த்தேன். நன்றாக ஓடியது. காமிராவின் கார்டுகளை அழித்துவிட்டு, அதிலேயே அடுத்தடுத்த கல்யாணங்களைப் பிடித்தேன். மணிவிழா எடிட்டுக்கு இன்னும் முறை வரவில்லை.

மறுமாதம் அந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் அக்கா போன் செய்தார். "போட்டோ நெறைய இருக்கும்மா. அப்பா பேசுனது ஒன்கிட்ட மட்டும்தான் இருக்கு."

பொதியைத் திறந்தேன். முதல் கோப்பு வந்தது. அடுத்தது பழுது என்றது. அதற்கடுத்ததும் பழுது. கணினியையும் பொதி இருந்த டிஸ்கையும் தூக்கிக்கொண்டு சுங்கைப் பட்டாணியில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். கடையிலிருந்த சீனர் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, "காக், இத யாரு நோண்டினது?" என்று மலாயில், அக்கா முறை வைத்துக் கேட்டார். கடிதம் தட்டுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாதாம். சுருக்குவதுபோல் பெரிய வேலை கொடுத்தால், தாங்காத வேகத்தில் புரோசெசர் தப்புத் தப்பாகக் கணக்குப் போடுமாம். தப்பென்று சொல்லவும் சொல்லாதாம். வேகத்தைக் குறைத்து, வேறு கணினியிலும் போட்டுப் பார்த்தார். பொதி உருவானபோதே கெட்டுப்போயிருந்தது. கார்டுகளில் பழையது எதுவும் மிச்சமில்லை.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கம்ப்யூட்டர் இப்ப ஓகேதானேக்கா?" என்றான். பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

"ஞாயித்துக்கெழம அந்த அக்கா நம்ம வீட்டுக்கு வர்றாங்க. நீ இங்க இருக்கணும். நீயே ஒன் வாயால சொல்லு."

வந்தான். சொன்னான். சாப்ட்வேர், செட்டிங், பிராப்ளம் என்று என்னென்னவோ சொன்னான். நான் குறுக்கே விழுந்து, "இவன் கெடுத்தான்கா. நான் சரியா பாக்காம கார்ட அழிச்சேன்," என்றேன். அக்கா திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"ஒண்ணுமே இல்லியாம்மா?"

பிழைத்திருந்த அந்த முதல் கோப்பைப் போட்டேன். நிகழ்ச்சி தொடங்குமுன் மைக்கைச் சோதித்தபோது எடுத்தது, பத்து விநாடி இருக்கும். திரை முழுக்க என் தம்பியின் முதுகு. "டெஸ்ட், டெஸ்ட்," என்கிறான். அவனுக்கு அப்பால், மணவறை மேடையிலிருந்து அந்த அப்பாவின் குரல் மட்டும் கேட்கிறது.

"தம்பி, கொஞ்சம் தள்ளிக்கய்யா. எம்மக மொகம் தெரியல."

அதோடு முடிந்துவிடுகிறது. அக்கா வாயில் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் கேட்டார்.

மூன்றாவது தடவை அந்தக் குரல் வந்தபோது, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி எழுந்து சுவரோரமாகத் தள்ளி நின்றான். திரையில் இருந்தவன் நகரவே இல்லை.