மூணு ஸ்கூலும் ஒரு கக்கூஸ் கதவும்

இல்ல செயலாளர் அண்ணே, நான் யாரோட பேரையும் கெடுக்கல. பெற்றோர் வட்ஸ்அப் குரூப்ல மூணு ஸ்கூலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதினேன், அவ்வளவுதான். கெம்பஸ்ல படிக்கப் போற திமிராம் எனக்கு. சரி, திமிர்தான், வச்சுக்குங்க. எழுதினதுல எது பொய்? அதை மட்டும் நீங்க இன்னும் சொல்லவே இல்லயே!

ஒரு ஊரு ஸ்கூலோட லட்சணம் தெரியணும்னா, ஸ்கூல் வேன்ல புள்ளைகள ஏத்தி எறக்குற வேலைக்குப் போகணும். மாமா வேன் ஓட்டுறாரு, லெக்சருக்குப் போக முன்னுக்கு நான் கதவுல நிக்கிறேன். எங்க சின்ன டவுன்ல தமிழ் ஸ்கூல், அதுக்குப் பொறகு முஸ்லிம் ஸ்கூல், கடைசியா கண்டியில பெரிய ஸ்கூல். எல்லாம் கவர்மென்ட்தான். ஒத்தக் கால் சப்பாத்தைக் காணாம தெனம் காலையில வீட்டையே பொரட்டிப் போடுற அம்மா அப்பாமாரே, இனி நான் சொல்றது உங்களுக்குத்தான் வெளங்கும்.

தண்ணிப் போத்தல்

தமிழ் ஸ்கூல்ல ரெண்டாம் வகுப்பு படிக்கிற தர்ஷினி, வேன்ல ஏறினதும் போத்தலை ஜன்னலுக்கு வெளியில கவுத்துப் பிடிச்சு முழுத் தண்ணியையும் ஊத்திட்டா. இவளுக்குப் போன மாசம்தான் மூத்திரத்துல கிருமி, காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. தண்ணி நல்லா குடிக்கணும்னு டொக்டர் சொல்லி அனுப்பினாரு.

"அம்மா கொதிக்க வச்சு ஆத்திக் குடுத்த தண்ணிடி, ஏன் ஊத்துற?"ன்னு சத்தம் போட்டேன். அவ மெதுவா சொன்னா: "குடிச்சா கக்கூஸ் போகணும் அக்கா. அங்க கதவு இல்ல, முன்னுக்கு யாராச்சும் மறைச்சுக்கிட்டு நிக்கணும். கவிதா இன்னிக்கு வரல்ல."

யானை வச்ச வளைவு

அன்னிக்கே உங்க ஹாட்வெயார் கடைக்கு வந்தேன். நீங்கதானே அந்த ஸ்கூலோட பழைய மாணவர் சங்கச் செயலாளர்? நீங்க ஒக்காந்திருந்த கதிரைக்குப் பின்னால பிளாஸ்டிக் கதவு வரிசையா சாஞ்சிருக்கு. நீலம், வெள்ளை, பூப் போட்டதுன்னு எல்லாம் இருக்கு. நான் கதவைக் காட்டிப் பேசுறேன், நீங்க போன்ல, புதுசா கட்டப் போறதுன்னு ஒரு படத்தைக் காட்டுறீங்க. ஸ்கூல் கேட்டுக்கு மேல சிமெந்து வளைவு, ரெண்டு பக்கமும் யானை, நடுவுல கொட்டை எழுத்துல "அன்பளிப்பு", அதுக்குக் கீழ உங்க குடும்பத்துப் பேரு.

"முதல்ல அந்தக் கதவைப் போடலாமே அண்ணே"ன்னேன். சிரிச்சீங்க. "கக்கூஸ் கதவுல பேர் எழுதினா யாரு தங்கச்சி நின்னு வாசிக்கிறது?"

உம்மாமார் குரூப்

முஸ்லிம் ஸ்கூல் சொர்க்கம்னு நான் எழுதல. அங்க லைப்ரரிக்குப் போட்ட பூட்டு துருப் பிடிச்சிருச்சு, உள்ள எலிதான் வாசிக்குது. ஆனா கக்கூஸுக்குக் கதவு இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு. "ஒங்க ஸ்கூல்ல கதவே ஒடையாதா நானா?"ன்னு கேட்ல நிக்கிற வோச்சர் நானாகிட்ட கேட்டேன்.

"ஏன் ஒடையாம? ஒடஞ்சா நாங்க சங்கத்துக்குச் சொல்றல்ல தங்கச்சி, உம்மாமாருட குரூப்ல போடுற. பொறகு கதவு வரும் வரைக்கும் வாப்பாமாருக்கு ஊட்டுல சோறு இல்ல."

வீடு பார்க்க வந்த அன்னிக்கு

பெரிய ஸ்கூல்ல முதலாம் வகுப்புக்குச் சேர்க்கணும்னா பக்கத்துலயே குடியிருக்கணும். நெசமாவே இருக்காங்களான்னு ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க. அதுக்காக உங்க குடும்பம் எங்க வேன்ல ஏறி, கண்டியில எடுத்த ரூமுக்கு ஒரு நாள் குடி போச்சே, மறந்துட்டீங்களா? சாமிப் படம் வந்துச்சு, பிரஷர் குக்கர் வந்துச்சு, தூக்கிட்டு வந்தது நான்தான். ஆள் புழங்குற வீடு மாதிரித் தெரியணும்னு துண்டை நனைச்சு நீங்களே கொடியில போட்டீங்க.

வந்த மிஸ் எல்லாத்தையும் பார்த்துட்டு, கை கழுவணும், பாத்ரூம் எங்கன்னு உங்க மகன்கிட்ட கேட்டாங்க. பாவம், அவன் காலை இறுக்கிக்கிட்டு நிக்கிறான். "தெரியாது மிஸ். நானும் அவசரமா அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

எப்படியோ சீட் கெடச்சிருச்சு. அங்க டைல்ஸ் போட்ட கக்கூஸ், கை கழுவ சவர்க்காரம், எல்லாக் கதவும் சாத்துது. அதே வேன்ல உங்க மகன் போத்தலைக் காலி பண்ணிக் குடிச்சுட்டு வர்றான். தர்ஷினி உதட்டை நக்கிக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டு வர்றா. நேத்து அவ அம்மா என் கையைப் புடிச்சுக் கேட்டாங்க: "கண்டியில ஒரு ரூமு எடுத்தா எங்க புள்ளையும் தண்ணி குடிக்குமா தங்கச்சி?"

அந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்புறேன். பதில் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தனியா மெசேஜ் போட வேணாம், மாமாவைக் கூப்பிட்டு மெரட்டவும் வேணாம். அதே குரூப்ல, எல்லாப் பெற்றோரும் பார்க்க இதுக்குப் பதில் எழுதுங்க: பெரிய ஸ்கூல்ல சேர்க்க வீட்டை மாத்தணும், எங்க ஸ்கூல்ல படிக்க புள்ளையோட மூத்திரப் பையையே மாத்தணும்னா, அந்தக் கதவு என்னிக்கு வருது செயலாளர் அண்ணே?