மாப்பிள்ளைக்கு மந்திரப் பரீட்சை

போன வாரம் என் தம்பிக்குப் பரீட்சை. எம்.சி.ஏ. முடித்து, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு இருபத்தெட்டு வயதில் என்ன பரீட்சை? கல்யாணப் பரீட்சை!

எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கம். கத்தோலிக்க ஊர். அங்கே கல்யாண அறிவிப்பைக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள் – அதற்குப் பேர் ஓலை. அதற்கு முன்னால் மாப்பிள்ளை ஜெபங்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். தவறினால் ஓலை கிடையாது. இந்த ஞாயிறு ஓலை தொடங்காவிட்டால், கல்யாணம் வைக்கக் கூடாத தவக்காலம் குறுக்கே வந்துவிடும். அப்புறம் ஈஸ்டர் முடிந்துதான் கல்யாணம். இங்கேயோ பத்திரிகையே அடித்தாயிற்று.

தம்பிக்குத் துணையாக நானும் போனேன். கேட்க உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். புதிதாக வந்த ஃபாதர் – கிட்டார் வாசிப்பார், பாட்டு, பிரசங்கம் எல்லாமே புதுசு. உபதேசியார் – முப்பது வருஷமாக ஊருக்கே மந்திரம், அதாவது ஜெபம், சொல்லிக் கொடுத்தவர். ஜெபங்களைப் புதுத் தமிழில் மாற்றியபோது 'பரலோகம்' போய் 'விண்ணகம்' வந்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

தம்பி கண்ணை மூடினான். அம்மா சொல்லிக் கொடுத்த பழைய ஜெபத்தில் ஆரம்பித்து, பாதியில் ஹாஸ்டலில் படித்த புதியதற்குத் தாவி, ஆமென் போட்டான்.

"பின்பாதி தப்புங்க" என்றார் உபதேசியார்.

"இல்ல, முன்பாதிதான் தப்பு" என்றார் ஃபாதர்.

அப்புறம் என்ன மிச்சம்? தம்பி ஃபெயில்!

"ஜனங்களுக்குப் புரியணும் உபதேசியாரே..."

"ஆண்டவருக்குப் புரியாமயா சாமி இத்தன வருசம் வேண்டிக்கிட்டோம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் சண்டைக்கு என் தம்பி கல்யாணம்தானா கிடைத்தது?

"சரியா எப்படிச் சொல்றதுன்னு நீங்களே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க ஃபாதர்" என்றேன்.

அதற்கென்ன என்று கை கூப்பினார். பூசையில் புத்தகம் இருக்கும், கூட்டமும் கூடவே சொல்லும். இங்கே தனியாள். புதியதில்தான் தொடங்கினார்... நாலு வரி தாண்டியதும் தடம் மாறி, கடைசிவரை பழையதிலேயே போய் ஆமென் சொன்னார்!

உபதேசியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யாரு சாமி சொல்லிக்குடுத்தது?"

"எங்கம்மா..." ஃபாதருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை ஓலைய வாசிச்சுடலாம். ஆனா இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாதுங்க."

தம்பி மூச்சு விடவில்லை. உபதேசியாரும் வாய் திறக்கவில்லை. எழுதித் தொலைத்தது நான்தான்...

இனி என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய, ஜெயங்கொண்டத்து ஃபாதரைத் தேடித்தான் பஸ் ஏறணும்!