பஃபலோ என்றால் எருமை

மகளின் நாய் நேற்று மழையில் நனைந்து வந்து, எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டுச் சமையலறையில் நின்று உடம்பை உதறியது. அந்த ஈர மயிர் வாடைக்கு நான் பின்வாசலுக்கு ஓடினேன். சிரிக்காதீர்கள், நாய்க்குப் பயந்தவள் இல்லை நான். தொண்ணூறுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மங்கரேக்குத் தெற்கே ஒரு பண்ணையில் குடியிருந்தபோது, என் கணவர் மாலையில் கழற்றிப் போடும் கோட்டில் வந்த வாடை அது.

அந்த வேலை கிடைத்ததே ஒரு சொல்லால்தான். பஃபலோ பார்த்துப் பழக்கமுண்டா என்று பண்ணைக்காரர் கிரேம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். கிளிநொச்சியில் எருமைகளோடு வளர்ந்தவர் இவர். ஓம் என்றுவிட்டார். விசாவுக்குக் கடிதம் கொடுப்பதாகக் கிரேமும் சொல்லிவிட்டார். போய் இறங்கினால், வேலிக்கு அப்பால் நின்றவை அமெரிக்கக் காட்டெருதுகள். அவற்றுக்கும் இங்கிலீசில் பஃபலோ என்றுதான் பெயராம். தோளில் திமில், முகத்தில் தாடி, என்னைவிட உயரம்.

"ஒண்டும் சொல்லிப்போடாதையும். முதல்ல விசா வரட்டும்," என்றார் இவர் மெல்ல.

குளிர்காலம் முழுக்க இவர் சேற்றில் நின்று வைக்கோல் போடுவதைச் சன்னலால் பார்த்தபடியே வெங்காயம் வெட்டினேன். விரலையும் வெட்டிக்கொண்டேன். வசந்தத்தில் அவற்றின் மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து வேலிக்கம்பியில் தொங்கியது. ஏதோ நோய், இனி வேலையும் போய்விடும் என்று தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன். அது வருடா வருடம் உதிர்வதாம்.

பிறகு செம்மஞ்சள் நிறத்தில் கன்றுகள் பிறந்தன. அதில் ஒன்று வாய்க்காலில் விழுந்துவிட, எருமைக்குச் செய்வதுபோல நாக்கைக் கொட்டிக்கொண்டு இவர் வேலிக்குள்ளே போனார். தாய் வாலைத் தூக்கியது. எங்கள் ஊரில் கன்று வாலைத் தூக்கினால் துள்ளி விளையாடப் போகிறது என்று அர்த்தம். சந்தோசப்படுகிறதாக்கும் என்று நான் சன்னலடியில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அது பாய்ந்து வந்தது. இவர் கம்பிக்குக் கீழே உருண்டு தப்பினாலும், அதற்குள் அது முட்டியதில் இரண்டு விலா எலும்பு முறிந்துபோயிற்று.

கிரேம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வண்டியில் மூச்சு விடவே முடியாமல் இருந்தவர் என் கையைப் பிடித்தார்.

"விசாவைப் பற்றிக் கதையாதையும்."

எனக்குப் பொறுக்கவில்லை. எருமை என்று நினைத்து வந்தோம், இந்த மிருகத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அரைகுறை இங்கிலீசில் அழுது கொட்டினேன். தானும் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியதுதான், வாலைத் தூக்கினால் பாயும் என்பது இன்றைக்குத்தான் தனக்கும் தெரியும் என்றார் கிரேம். வேலை போகாது என்று நிம்மதி வரவேண்டும். எனக்கோ பயம் இரட்டிப்பாயிற்று. இத்தனை நாளும் அந்தப் பண்ணையில் விசயம் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கவில்லை.

எலும்பு பொருந்தியதும் இவர் திரும்ப அதே வேலிக்குள் போனார். விசா வர இன்னும் ஒரு வருடம் எடுத்தது. ஒவ்வொரு மாலையும் இவருடைய பூட்ஸ் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நின்றேன்.

அந்தப் பண்ணை இப்போது வரிசை வரிசையாக வீடுகள். இவருக்குப் பென்ரோஸில் கிடங்கொன்றில் மேசை வேலை. ஐந்தரைக்குக் கார் வந்து நிற்கும். சோறு அடுப்பில இருக்கு என்று சோபாவில் இருந்தபடியே குரல் கொடுப்பேன். எழும்பிப் போய் ஆளை முழுதாகப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது.