நகராத கோப்பை

எங்கள் கல்லூரியில் முதல்வர் அறைக்கு வெளியே உள்ள கண்ணாடிப் பேழையில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. அது நிற்கும் தேக்குப் பீடத்தைச் சுற்றிலும் கட்டைவிரல் அகலத்தில் சிறு வெள்ளித் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஓர் ஆண்டும், அந்த ஆண்டில் கோப்பை யாரிடம் இருந்தது என்பதும் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாத் தகடுகளும் மின்னும்போது, இரண்டாம் வரிசையில் ஒன்று மட்டும் கறுத்துக் கிடக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கல்லூரியின் நூலகராக இருந்த நான், நாள்தோறும் அந்தப் பேழையைக் கடந்துதான் நூலகத்துக்குப் போவேன். கடக்கும்போது கண் அந்தக் கறுப்பில் ஒரு கணம் படும், பட்டதும் விலகிக்கொள்ளும். அந்தக் கோப்பையை ஆண்டுதோறும் பல்பொடி போட்டுத் துலக்கியவர் என் அப்பா. அந்த ஒரு தகட்டை மட்டும் அவர் துணியால்கூடத் தொட்டதில்லை.

அப்பா எங்கள் கல்லூரியின் மார்க்கர். கல்லூரி மைதானங்களில் புல் வெட்டி, வலை கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறவரை அப்படித்தான் அழைப்பார்கள். மைதானத்தின் கிழக்கு மூலையில் எங்களுக்கு ஒரு சிறு குடியிருப்பைக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சாந்தோம் கோவிலின் கோபுர நுனி தெரியும். காற்று திசை மாறினால் குப்பத்து மீன் வாடை வரும். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனாள். அப்பா, அண்ணன், நான் என்று மூன்றே பேர். மைதானத்தின் தெற்கு மதிலுக்கு அப்பால் இன்னொரு கல்லூரி. இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கு ஒரு கால்பந்தாட்டம் உண்டு. அந்த ஆட்டத்துக்கு உரியதுதான் இந்தக் கோப்பை. தோற்றவர்கள் கோப்பையைத் தங்கள் கையாலேயே சுமந்து, மதிலில் உள்ள சிறிய இரும்புக் கதவு வழியாக அடுத்த வளாகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்காக மட்டுமே அந்தக் கதவைத் திறப்பார்கள். ஆட்டம் சமனில் முடிந்தால் கோப்பை நகராது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமே இருக்கும்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். சாந்தோம் மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர். எங்கள் கல்லூரியிலேயே அவருக்கு இடம் கிடைத்திருக்கும். அப்பாதான் வேண்டாமென்று மதிலுக்கு அப்பால் சேர்த்தார். “இங்க சேந்தீன்னா நீ எத்தினி கோல் அட்ச்சாலும் மார்க்கர் பையன்னுதான் சொல்லுவானுங்க. அங்க போ. உன் பேரச் சொல்லிக் கூப்புடுவானுங்க” என்றார். அண்ணனுக்கு அதில் பெருமைதான். ஆட்ட நாள் நெருங்கும்போது வீட்டில் இரண்டு பேரும் எதிரிகள்போல நடிப்பார்கள். “உங்க கோட்டத் தாண்டி நாலு கோல் விழப் போவுது, பாத்துக்கினே இரு” என்பார் அண்ணன். “கோட்டப் போடறவன் நானு. பாத்துத் தாண்டு கண்ணு” என்பார் அப்பா. அப்பா சிரித்து நான் அதிகம் பார்த்ததெல்லாம் அந்தச் சில நாட்களில்தான்.

அண்ணனுக்கு அது கல்லூரியில் கடைசி ஆண்டு. ஒரு வங்கியின் கால்பந்து அணிக்கு ஆள் எடுப்பவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அணியில் இடம் கிடைத்தால் வங்கியிலேயே நிரந்தர வேலையும் உண்டு. எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை வாய்த்ததில்லை. அந்த ஒரு மாலையை நம்பித்தான் அண்ணன் அந்த ஆண்டு முழுவதும் விடியலில் எழுந்து கடற்கரையில் ஓடினார்.

முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. இடைவேளையில் திடீரென்று மழை அடித்துப் பெய்து, வந்த வேகத்திலேயே நின்றும் போனது. வடக்குப் பக்கத்துக் கோல் கம்பங்களுக்கு இடையிலான கோடு முழுவதும் கரைந்துவிட்டது. இரண்டாம் பாதியில் அண்ணனின் அணி கோல் அடிக்க வேண்டிய பக்கம் அதுதான். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்க, அப்பா சுண்ணாம்பு வாளியையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினார். வழக்கமாக இரண்டு கம்பங்களின் முன்பக்கத்தையும் ஒட்டி முளைக்குச்சி அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டுவார். கயிற்றுக்குப் பின்னால், கம்பத்தின் தடிமனுக்குச் சரியாகச் சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டு போவார். அன்று சேற்றில் முளைக்குச்சி நிற்கவில்லை. வேலியோரம் நின்றிருந்த என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு, “பாப்பா, அந்தக் கம்பத்தாண்ட போய்க் கயித்தப் புடி. ஆட்டாம புடி” என்றார். எனக்குப் பதினேழு வயது. ஆட்டம் பார்ப்பதற்காகப் புதுச் செருப்பு போட்டிருந்தேன். என் பக்கத்துக் கம்பத்தின் முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. செருப்பு நனையாமல் இருக்கக் கம்பத்தின் பின்பக்கம் போய் நின்று, கயிற்றை அங்கே வைத்து அழுத்திப் பிடித்தேன். அப்பா தன் முனையைக் கம்பத்தின் முன்பக்கம் கட்டிவிட்டு, குனிந்த தலை நிமிராமல், கயிற்றை மட்டுமே பார்த்துக்கொண்டு சுண்ணாம்பைக் கொட்டி வந்தார். அவர் பக்கம் சரியாகத் தொடங்கிய கோடு, என் பக்கம் வரும்போது கம்பத்துக்கு ஒரு கை அகலம் பின்னால், வலைப் பக்கமாகப் போயிருந்தது. வேகத்தில் அதை அவர் பார்க்கவில்லை. எனக்கு அது தப்பென்றே தெரியாது. மற்றவர்களுக்கு அது வெறும் வெள்ளைக் கோடு.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அண்ணன் அடித்த பந்து கோல்காவலரின் கைக்கு அடியில் புகுந்து, நான் நின்ற அதே கம்பத்தை ஒட்டி உள்ளே போய்ச் சேற்றில் புதைந்து நின்றது. மதிலுக்கு அப்பாலிருந்து வந்த மாணவர்கள் கூட்டமாக எழுந்து கத்தினார்கள். அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தன் நண்பர்களை நோக்கி அல்ல, வேலியோரம் நின்ற அப்பாவை நோக்கி ஓடிவந்தார். அந்த முகம் இன்றும் எனக்குத் தெரிகிறது. அதற்குள் நடுவர் பந்தின் அருகே குனிந்து பார்த்தார். பந்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். அதன் அடியில் ஈரச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால்தான் கோல். பந்து கோட்டின் மேல் நின்றது என்பதற்குச் சாட்சி பந்திலேயே இருந்தது. கோல் இல்லை என்று கையசைத்தார். ஓடிவந்த அண்ணன் பாதியிலேயே நின்றுவிட்டார். எங்கள் கல்லூரிப் பக்கமிருந்து ஒருவன், “இன்னா மச்சி, உன் நைனா போட்ட கோட்ட உன்னாலயே தாண்ட முடியலியா?” என்று கூவ, அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது.

கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடிந்தது. கோப்பை நகரவில்லை; எங்கள் கல்லூரியிலேயே இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு அப்பா அந்தக் கோலின் அருகே போய் நின்றார். ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை கண்ணை ஓட்டினார். என் பக்கம் கோடு விலகியிருந்த அந்த ஒரு கை அகலம்தான் அண்ணனின் கோலை இல்லாமல் ஆக்கியிருந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். துடைப்பத்தை எடுத்துக் கோட்டை ஒரு முனையிலிருந்து அழிக்கத் தொடங்கினார். அவர் பாதி அழித்திருந்தபோது அண்ணன் அங்கே வந்தார்.

“இன்னாத்துக்கு அழிக்கிற?” என்றார்.

அப்பா நிறுத்தவில்லை.

“நேரா போட்ட கோடுன்னா இன்னாத்துக்கு அழிக்கணும்? சொல்லு.”

“கை கோணிக்கிச்சிப்பா. என் தப்புதான்.”

“இருவது வருசமா கோணாத கை, நான் ஆட்ற அன்னிக்கிக் கோணிக்கிச்சா? சம்பளம் குடுக்கறவனுக்குக் கோடு போட்டுக் குடுத்துட்டு, கை கோணிக்கிச்சின்றியா?”

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு மீதிக் கோட்டையும் அழித்தார். அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை. ஒரு நண்பனின் அறையில் தங்கிக்கொண்டார். பிறகு துணிமணிகளை எடுக்க மட்டும் ஒருமுறை வந்தார். வங்கி அணி வேறு இரண்டு பேரை எடுத்துக்கொண்டது. அந்தக் கோல் நின்றிருந்தால் அவரை எடுத்திருப்பார்களா என்பதை இப்போது யாரும் சொல்ல முடியாது. அண்ணன் மட்டும் எடுத்திருப்பார்கள் என்றே நம்பினார். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்து, உட்காரக் கூடாது என்ற விதியுள்ள அந்தக் கடையில், முழங்கால் தேயும்வரை நின்றார்.

மறுநாள் காலை குழாயடியில் சுண்ணாம்பு வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், அண்ணனிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “வாயத் தொறக்காத பாப்பா. கோவம் என் மேலயே இருந்துட்டுப் போவட்டும். நான் இன்னும் எத்தினி நாளைக்கி இருக்கப் போறேன்? எனக்கு அப்பறம் உனக்குன்னு அவன் ஒருத்தன்தான் கீறான்.” அன்று அதைக் கேட்டு எனக்குள் எழுந்தது துயரம் அல்ல, நிம்மதி. அந்த நிம்மதிக்காக இன்றுவரை நான் வெட்கப்படுகிறேன். ஒரு மனிதன் தன் மகனை விட்டுக்கொடுத்து வாங்கித் தந்த ஒன்றை, செருப்பு நனையக் கூடாது என்று நினைத்த அதே மனத்தோடு நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்பா கணித்தது நடந்தது. அண்ணன் என்னைக் கைவிடவில்லை. என் படிப்புக்கும் திருமணத்துக்கும் அவர்தான் நின்றார். என் குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கு வந்தார். அப்பா நின்ற வரிசையில் மட்டும் நிற்கவில்லை. அப்பா ஒருபோதும் குறைபட்டுக்கொண்டதில்லை. அண்ணன் கடையில் தள்ளுபடிக்கு எனக்கு எடுத்துத் தரும் புடவைகளை மட்டும் தொட்டுப் பார்ப்பார். நெசவைப் பற்றி ஏதாவது சொல்வார். அவர் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் கடைசி ஆளாக நின்று ஒரு பிடி மண் போட்டார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். அதன் பிறகும் பதினைந்து ஆண்டுகள் பேசவில்லை. தாமதம் ஓரளவுக்கு மேல் போய்விட்டால், உண்மையைச் சொல்வதைவிட அத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்வதுதான் கடினம்.

நான் ஓய்வு பெற்றபோது, கோப்பையின் வரலாற்றைப் பேழைக்குள் வைக்க ஒரு பக்கத்துக்கு எழுதித் தரும்படி கல்லூரியில் கேட்டார்கள். பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன். அந்தக் கறுத்த தகட்டின் ஆண்டு வந்ததும் பேனா நின்றது. “ஆட்டம் சமன்; கோப்பை நகரவில்லை” என்று எழுதிவிட்டு, தாளை மூடி வைத்து, பேருந்து பிடித்து மேற்கு மாம்பலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் காலை நீட்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து, கயிற்றையும் தண்ணீரையும் கம்பத்தின் பின்பக்கத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தைலக் குப்பியை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“செருப்பு நனஞ்சிடும்னா?” என்றார் கடைசியில்.

“ஆமாண்ணே.”

“இப்ப வந்து சொல்றியே. நான் யாராண்ட போய் இன்னா பேசுறது?”

அவர் தைலக் குப்பியை மூடினார். “நீ போ. வூட்டுக்குப் போ” என்றார். குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்பது நாட்கள் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா எதற்குப் பயந்து அந்தக் கோட்டை அழித்தாரோ அது இப்போது நடந்துவிட்டது என்றே நினைத்தேன். அதை ஏற்கவும் தயாரானேன்.

பத்தாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை.

“அப்பா அன்னிக்கி சாப்ட்டாரா?”

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “இல்லண்ணே” என்றேன். “ரெண்டு தட்டு வெச்சிக்கினு உக்காந்திருந்தாரு. அப்பறம் ரெண்டையும் மூடி வெச்சிட்டாரு.”

எனக்குச் சொல்வது போலன்றி, மறுமுனையில் அண்ணன் மெல்லச் சொன்னார்:

“நானும் சாப்புடலப்பா.”