பன்னிரண்டாவது கம்பு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். ஏன் நின்றது என்பதும் இதற்குள் வரும்.

ஈரச் சுண்ணாம்பும் அழுகிய மயிரும் கலந்த வாடையை அப்பாவின் வாசம் என்று நினைத்துத்தான் வளர்ந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் அவருடைய சைக்கிள் திரும்பும்போதே அயல் வீட்டு யன்னல்கள் சாத்தப்படும். மட்டக்குளிப் பக்கம் ஆற்றங்கரையில் இருந்த தோல் பட்டறையில் அவருக்கு வேலை. உப்புப் போட்டு வரும் மாட்டுத்தோல்களை, மயிர் கழல்வதற்காக, சுண்ணாம்புக் குழிகளில் நாட்கணக்கில் ஊறப்போடுவார்கள். முற்றத்தில் அப்படிப் பன்னிரண்டு குழிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் ஆழம்.

ஆறு பெருகினால் முற்றம் முழுக்க ஒரே வெள்ளைத் தண்ணீராகிவிடும். எது நிலம், எது குழி என்று தெரியாது. அதனால் மழைக்காலம் தொடங்கியதும் குழிக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்பு நடுவார்கள். "காவல் கம்பு" என்று பெயர். நடுவது அப்பாவின் பொறுப்பு. "கம்பு இல்லாத இடத்தில கண்ணை மூடிக்கொண்டு நட" என்பது பட்டறைப் பேச்சு.

அந்த வருடம் அவர் கம்பு நட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டறை பூட்டிக் கிடந்தது. வேலிப் பொட்டால் நுழைந்து நானும் இரண்டு சிநேகிதர்களும் கிரிக்கெட் விளையாடினோம். விக்கெட்டுக்கு மூன்று கம்புகளைப் பிடுங்கியவன் நான்தான். பந்து பட்டு ஒன்று முறிந்தது. அப்பாவின் அடிக்குப் பயந்து அதை ஆற்றில் எறிந்துவிட்டு, மற்ற இரண்டையும் பழைய இடத்திலேயே நட்டேன். பன்னிரண்டில் ஒன்றுதானே, நாளைக்கு வேறொன்று வெட்டி வைக்கலாம் என்று நினைத்தேன்.

விடியும்போதே ஆறு முற்றத்துக்குள் வந்துவிட்டது. மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, அவரோடு வேலை செய்த சவரி மாமா கொட்டிலில் காய்ந்த தோல்களைத் தலையில் சுமந்து தண்ணீருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"டேய், என்னடா கறி? கருவாடு எண்டால் எனக்கும் ஒரு துண்டு வை!"

கம்பு இல்லாத இடத்தை நோக்கித்தான் வந்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

குழிக்குள்ளிருந்து ஆளைத் தூக்கி எடுத்தார்கள். சுண்ணாம்பு பட்டுக் கண்கள் போய்விட்டன.

முதலாளி கம்புகளை எண்ணினார். "அந்தோனி, ஒண்டு எங்க?"

"பன்னிரண்டும் நட்டனான் முதலாளி. மாதா சத்தியமா."

"அப்ப கம்பைத் தண்ணியா திண்டது?"

அப்பாவின் வேலை போனது. என்னைப் புறக்கோட்டையில் ஒரு கடையில் சேர்த்தார்கள். மழை வந்தாலே அப்பா விரல்மடித்து எண்ணத் தொடங்கிவிடுவார். ஒருநாள் என்னிடம், "மகன், நான் கம்பு நட்ட அண்டைக்கு நீதானே துணி கட்டக் கயிறு பிடிச்சுத் தந்தனி. நான் எல்லாம் நட்டனான்தானே?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல, அப்பா" என்றேன்.

சவரி மாமா பகை வைக்கவில்லை. வீட்டுக்கு வருவார், கைத்தடியால் வாசற்படியைத் தட்டுவார். "அந்தோனி, நீ நட மறந்த கம்பு இதுதான் பார், என்ட கைக்கு வந்திட்டுது" என்று பகிடி விடுவார். அப்பாவும் சிரிப்பார். சிரித்துச் சிரித்தே, தான் மறந்துதான் போனேன் என்று நம்பத் தொடங்கினார். அந்த நம்பிக்கையோடுதான் செத்தார்.

இப்போது அந்த இடத்தில் கொள்கலன் லொறிகள் நிற்கின்றன. குழிகளை மூடி கொங்கிறீட் போட்டுவிட்டார்கள். அந்த வாடையும் இல்லை. ஆனாலும் மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் குடையால் குத்திப் பார்க்காமல் என்னால் ஓர் அடி வைக்க முடியாது. என் மகள் சிரிப்பாள்.

சவரி மாமா எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறார். எத்தனையோ தடவை அந்தப் படலைவரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு வராத சத்தம் இன்றைக்கும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி அவருக்கு இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுகிறாள். அதனால்தான் இதை எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன்.

சவரி மாமா, அப்பா மறக்கவில்லை. பன்னிரண்டும் நட்டவர். பிடுங்கியது நான்.

ஒக்டோபர் 21.