சுவரைத் தொடாத பிளாஸ்மாவும் தாய்மாமன் மடியும்

ஜெர்மனியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் நன்றாகப் பேசி முடித்தால் கைதட்டமாட்டார்கள். விரல்களை மடக்கி மேஜையில் டொக் டொக்கென்று தட்டுவார்கள். வந்த புதிதில் நான் பேசி முடித்ததும் தட்டினார்கள். போதும் உட்கார் என்கிறார்கள் என்று நினைத்துக் கோபத்தோடு வெளியே போய்விட்டேன். அது பாராட்டு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கிற பழக்கமில்லை.

அணு இணைவுக் கருவியின் உட்சுவர்தான் என் வேலை. சூரியனின் நடுவைவிடச் சூடான பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவைக் காந்தங்கள் அந்தரத்தில் பிடித்திருக்கும். ஆனால் அதன் ஓரம் சும்மா இருக்காது. உலையில் சோறு கொதிப்பது மாதிரி கொந்தளித்து, திரள் திரளாகத் தெறித்துச் சுவரில் மோதும். சுவரில் பதித்த ஓடுகள் அரிபட்டால் கருவியைத் திறந்து மாற்ற வேண்டும். மாற்றுகிறவன் நான். அப்புறம் எங்கே லீவு? அந்த மாதம் எனக்கு லீவு கட்டாயம் வேண்டும். திருவரங்குளத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து.

"மாமன் மடியில்லாம எப்புடிண்ணே காது குத்துறது? போனை மடியில வச்சுக் குத்தவா?" என்று பொரிந்தாள் தங்கை செல்வி.

"வாரேன்டி, கத்தாத."

அந்த நேரம் பார்த்து எங்கள் இயற்பியலாளர் ஆன்யா பிளாஸ்மாவின் வடிவத்தையே மாற்றக் கிளம்பினாள். வழக்கமாக அதன் குறுக்குவெட்டு ஆங்கில 'D' எழுத்துபோல வயிற்றை வெளியே தள்ளியிருக்கும். அவள் அந்த D-யைத் திருப்பிப் போட்டாள். தட்டைப் பக்கம் வெளியே. "என் சுவரைக் கெடுக்கப் போகிறாய்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். "நல்ல விஷயம் சொன்னாய், எந்த இடத்தில்?" என்றாள் அமைதியாக. கேலி செய்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இடங்களைக் காட்டினேன். சோதனைக்கு முன் அங்கெல்லாம் அளவுக்கருவி பதிக்க வைத்தாள். முன்பு நான் வேலை பார்த்த பொன்னமராவதிப் பட்டறையில் ஒருமுறை முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் என் ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான்.

சோதனை ஓடியது. கேமராவில் பார்த்தேன். ஓரக் கொந்தளிப்பு அடங்கியிருந்தது, சுவர்வரை வந்த தெறிப்பு கொஞ்சம்தான். அதே காந்தம், அதே வாயு, வடிவம் மட்டும் வேறு. என்ன மூளை அந்தப் பெண்ணுக்கு! கூட்டத்தில் அவள் முடிவுகளைப் பேசி முடித்ததும் முதலில் மேஜையைத் தட்டியவன் நான். கருவியைத் திறக்கவில்லை. லீவு கிடைத்தது.

காதுகுத்தில் பாப்பா என் மடியில் வீறிட்டாள். ஆசாரி கம்பியை ஏற்றியதும் பெண்கள் குலவை போட்டார்கள். என் கை மட்டும் பெஞ்சில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, கதவா தட்டுற? யாரு வந்து தொறக்கணும்?" என்றாள் செல்வி.

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவை இன்னொரு கையால் இறுக்கிக்கொண்டேன். தட்டிய கை நிற்கவில்லை.